நாண் இறக்கிய வில்

எங்கள் வீட்டு மச்சில் ஒரு வில் கிடக்கிறது. விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது வில்லாகவே தெரியாது. துணி காயப்போடும் மூங்கில் கம்பு என்றுதான் நினைப்பார்கள். என் மனைவி ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு முருங்கைக்காய் பறிக்கப் போய்விட்டாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன். "ஒரு கம்புக்கா இந்தப் பாடு?" என்றாள். நாண் இறக்கிய வில் கம்புதான். அவள் மேல் தப்பில்லை.

அது பாட்டாவின் வில். பாட்டா பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது நாகர்கோவிலும் பொன்முடியும் ஒரே திருவிதாங்கூருக்குள் இருந்தன. 1956 நவம்பர் 1-இல் எல்லை பிரித்தார்கள். வீடு தமிழ்நாட்டுக்கு வந்தது, மலை கேரளத்துக்குப் போனது, பாட்டா மட்டும் மாதாமாதம் இரண்டுக்கும் நடுவே பஸ் ஏறிக்கொண்டிருந்தார். பெரிய பரீட்சை முடிந்ததும் எங்களையும் மலைக்குக் கூட்டிப்போவார். தோட்டத்து லயன்களில் தமிழ்ச் சத்தம்தான் அதிகம். அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு, குளிருக்குக் கருப்பட்டிக் காப்பி, அந்தி விழுந்தால் வெளியே போகக்கூடாது என்ற உத்தரவு. என் பொன்முடி இவ்வளவுதான்.

வில்லைக் கொடுத்தவர் ஒரு காணிக்காரர். தேனும் காட்டுக்கிழங்கும் ஈற்றைக் கூடையும் கொண்டுவந்து கொடுத்து, உப்பும் கருவாடும் புகையிலையும் வாங்கிப் போவார்கள். பணம் கைமாறுவது அபூர்வம். அகத்தியமலைத் தொடரின் இரண்டு சரிவிலும் அவர்கள் ஊர்கள் உண்டு. கிழக்கே பாபநாசம், தெற்கே பேச்சிப்பாறை, மேற்கே கோட்டூர், விதுரா, பெரிங்ஙம்மலை. தமிழும் மலையாளமும் குழைந்த மலம்பாஷை பேசுவார்கள். ஊருக்குத் தலைவர் மூட்டுகாணி. மந்திரமும் மருந்தும் பிலாத்தியின் பொறுப்பு. காணி என்றால் நிலம். நிலத்துக்கு உரியவன் காணிக்காரன். பெயரிலேயே பட்டா இருந்தது, கையில்தான் இல்லை.

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் நூலின் மூன்றாம் தொகுதியில் காணிக்காரர்களுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். 1937-இல் எல். ஏ. கிருஷ்ண ஐயர் திருவிதாங்கூர்க் குடிகளைப் பற்றி எழுதத் தொடங்கியபோதும் முதல் தொகுதியிலேயே அவர்கள் வந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்து மனிதருக்கு வெட்டுகத்தியும் வில்லும் இல்லாமல் காட்டுப்பாதை கிடையாது.

பாட்டாவுக்குக் கிடைத்தது அம்பு எய்யும் வில் அல்ல, கல் எய்யும் வில். உண்டைவில் என்று பழந்தமிழில் பெயர். இன்று பையன்கள் கவட்டைக் கம்பில் ரப்பர் கட்டி அடிப்பதையும் சில ஊர்களில் உண்டிவில் என்கிறார்கள். பெயர் ஒன்று, சாமான் வேறு. உண்டைவில்லுக்கு நாண் இரண்டு. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, முனைக்குப் பக்கத்தில் விரல் நீளக் குச்சி ஒன்று குறுக்கே கட்டியிருக்கும். நடுவில் துணியாலோ தோலாலோ ஒரு சின்னத் தொட்டில். அந்தத் தொட்டிலில் உண்டையை வைத்து, துணியோடு சேர்த்துப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து இழுக்க வேண்டும். உண்டையைப் பாட்டா தானே உருட்டுவார். புற்றுமண்ணைச் சலித்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, முதலில் நிழலில் உலர்த்தி, பிறகு வெயிலில் போட்டு, கடைசியில் அடுப்புக்கு மேல் பரணில் ஏற்றிவிடுவார். நேரே வெயிலில் போட்டால் வெடித்துவிடும். எல்லா உண்டையும் ஒரே எடையாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம். உள்ளங்கையில் இரண்டை வைத்துத் தூக்கிப் பார்த்து ஒன்றைத் தூர எறிவார். கணக்கப்பிள்ளை புத்தி.

இந்த வில்லில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அம்பு வில்லின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். உண்டை அப்படியல்ல, நேரே வில்லின் நடுவைப் பார்த்து வரும். அங்கே இருப்பது உங்கள் இடதுகைப் பெருவிரல். விடுகிற அந்த நொடியில் இடது மணிக்கட்டை லேசாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். வில் விலகிக்கொடுக்கும், உண்டை தாண்டிப்போகும். முன்னாலே திருப்பினால் குறி போச்சு, பின்னாலே திருப்பினால் விரல் போச்சு. இதை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. எனக்குப் பத்து வயதில் நகம் கறுத்து விழுந்த பிறகுதான் மணிக்கட்டுக்குப் புத்தி வந்தது. பாட்டா வேப்பெண்ணெய் தடவிக்கொண்டே சிரித்தார்.

அந்த வில்லை அவர் வைத்திருந்த விதம்தான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. அடித்து முடித்ததும் முதல் வேலை நாணை இறக்குவது. ஏற்றிய நாணோடு இரவைக் கழிக்கவிட்ட வில் வளைந்தபடியே நின்றுவிடும், பிறகு அதில் உயிர் இருக்காது என்பார். இறக்கிய வில்லை அடுக்களை மூலையில் புகை படுகிற உயரத்தில் படுக்கையாக வைப்பார். நிறுத்திச் சாய்த்தால் ஒரு பக்கம் கோணிவிடும். புகை பட்ட மூங்கிலை வண்டு துளைக்காது. மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டவேண்டும் என்பதற்கும் அந்த வண்டுதான் காரணம் என்பார்கள். மாவுச்சத்து அதிகம் இருக்கிற மூங்கிலைத்தான் அது தேடிப்போகும், பிறையைப் பார்த்து அல்ல. ஆனால் மழைக்காலம் கழித்து, மூன்று வருஷத்துக்குக் குறையாமல் முற்றிய கழியை வெட்ட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. பிளந்த கழியின் தோல்பக்கம் எய்பவனுக்கு வெளியே இருக்க வேண்டும், ஏனென்றால் இழுவையைத் தாங்குகிற நாரெல்லாம் தோலை ஒட்டித்தான் இருக்கிறது. உட்பக்கத்தைச் சீவிக்கொண்டே வந்து, வில்லின் இரண்டு கையும் ஒத்து வளைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கை விறைத்து ஒரு கை துவண்டால், ஒருநாள் துவண்ட கை முறியும். தேன்மெழுகை நாணில் தேய்த்து, விரலால் அழுத்தி உருவினால் சூடு பிறந்து மெழுகு உள்ளே இறங்கும். கிட்டத்தட்ட இவ்வளவையும் பாட்டா அந்தக் காணிக்காரரிடம் கற்றார். நான் பாட்டாவிடம் பார்த்தேன். கற்றேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

போன டிசம்பரில் அக்கா மகன் வந்திருந்தான். ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை. பொன்முடிக்குப் போகலாம் மாமா என்றான். நெடுமங்காடு, விதுரா, கல்லாறு. அதற்குமேல் 22 கொண்டை ஊசி வளைவு. கல்லாற்றுப் பாலம் தாண்டி ஏற ஆரம்பித்தால் ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி, பிளாஸ்டிக் இருக்கிறதா, மது இருக்கிறதா என்று பார்த்து, சீட்டுக் கொடுத்தார்கள். பாட்டா காலத்தில் இங்கே கேட்ட கேள்வி, யார் வீட்டுக்குப் போகிறாய் என்பது.

வண்டி நகர்ந்ததும் அவன் சொன்னான்: "மாமா, நல்லவேளை நம்ம சாமான் கொலம்பஸ்ல இருக்கு."

"என்ன சாமான்?"

போனை நீட்டினான். படத்தில் துப்பாக்கிக்குப் பிறந்த வில் ஒன்று. துப்பாக்கிபோலத் தோளில் சாய்க்கும் கட்டை, மேலே குறிபார்க்கும் குழல், முன்னால் குறுக்கே வில், இரு முனையிலும் சக்கரம். கிராஸ்போ. குறுக்குவில். அங்கே அவன் உரிமச்சீட்டு வாங்கி மான் வேட்டைக்குப் போகிறானாம். அந்த மாநிலத்தில் வில் பருவம் என்று தனியாக உண்டு; அந்தப் பருவத்தில் கைவில்லும் செல்லும், குறுக்குவில்லும் செல்லும். இத்தனை மான்தான் என்று வரம்பு உண்டு, அடித்ததைப் பதிவுசெய்ய வேண்டும். இறைச்சி மாதக்கணக்கில் உறைபெட்டியில் இருக்கும். என் அக்கா புரட்டாசி மாதம் முட்டைகூடத் தொடமாட்டாள். அவளிடம் இதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

மேலே போய்ச் சேருகிறவரைக்கும் அவன் பேச்செல்லாம் அந்த வில்தான். ஆள் பேச்சில் பாட்டாவின் சாயல் அடித்தது.

வாங்கும்போது வேகத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது மாமா என்றான். விளம்பரத்தில் விநாடிக்கு 400 அடி என்று போட்டிருப்பான். வேகம் கூடினால் சத்தம் கூடும், எடை கூடும், நாண் சீக்கிரம் தேயும். மானுக்கு முப்பது, நாற்பது கெஜத்துக்குள்தான் எய்யப்போகிறோம், அதற்கு அவ்வளவு எதற்கு? சக்கரம் வைத்தது குறுகலாக இருக்கும், மரத்தின்மேல் பரண் கட்டி உட்கார வசதி. ஆனால் நாண் மாற்ற வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டும், அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் வீட்டில் கைவைக்க முடியாது. சக்கரமில்லாத வளைவில்லில் நாணை நாமே மாற்றிக்கொள்ளலாம், பழுது குறைவு, ஆனால் அகலம் கூடுதல். கடையில் எடுத்துத் தோளில் வைத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது. கட்டை நீண்டுபோனால் கண் குழலுக்கு எட்டாது. முன்பாரம் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் கை நடுங்கும்.

"எவ்வளவு இழுவை?"

"நூற்றெண்பது பவுண்டு."

பாட்டாவின் வில் முப்பதுகூட இருக்காது. இவன் அப்படியொன்றும் பயில்வான் இல்லை. இடுப்புவலிக்குப் பட்டை கட்டுகிறவன். கயிறும் கப்பியும் கொண்ட ஒரு சாதனம் கூடவே வருகிறதாம். கால் வளையத்தில் பாதத்தை ஊன்றி, இரண்டு பிடியையும் சமமாக இழுத்தால் பாதி பாரம்தான் கைக்கு வரும். ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய இழுத்தால் நாண் நடுவில் உட்காராது, அம்பு ஒரு சாண் தள்ளித்தான் போகும். 'டக்' என்று சத்தம் கேட்டால் பொறி நாணைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

குறுக்குவில்லின் சங்கதியே அந்த 'டக்'கில்தான் இருக்கிறது. கைவில்லில் இழுத்துப் பிடிப்பதும் குறிபார்ப்பதும் ஒரே ஆள், ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. தோள் நடுங்க ஆரம்பிக்கும் முன் விட்டாக வேண்டும். அதற்குத்தான் சின்ன வயதிலிருந்து பழக்கம் தேவைப்பட்டது. குறுக்குவில்லில் இழுத்துப் பிடிக்கும் வேலையைப் பொறி வாங்கிக்கொள்கிறது. ஆளுக்கு மிச்சம் இருப்பது பார்ப்பதும் விரலை மடக்குவதும்தான். சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே வெண்கலத்தில் இந்தப் பொறியை வார்த்துச் சாதாரணக் குடியானவனைப் படைக்குச் சேர்த்தார்கள். 1139-இல் ரோமில் கூடிய திருச்சபைச் சங்கம், கிறிஸ்தவர் மேல் இதை எய்யக்கூடாது என்று தடை போட்டது. மற்றவர்களைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. நம் சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளை வரிசையாகச் சொல்லும்போது, தானாக வளைந்து எய்யும் வில்பொறியையும் சேர்த்துச் சொல்கிறது. நிக்கோபார்த் தீவுக்காரர்களிடம் குறுக்குவில் உண்டு.

கேரளத்திலும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. சென்னை ராஜதானியின் மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1924-இல் தென்னிந்திய ஊதுகுழல், வளைதடி, குறுக்குவில் மூன்றையும் பற்றி ஒரு நீளமான கட்டுரை எழுதினார். மலபார்ப் பக்கம் மீன் எய்கிற குறுக்குவில்தான் அதில் வருவது. மரக்கட்டை, குறுக்கே வில், கயிறு கட்டிய அம்பு. அதன் பேரப்பிள்ளை இன்றும் ஆற்றங்கரைகளில் நடமாடுகிறது. வில் போய் ரப்பர் பட்டை வந்தது, மூங்கில் அம்பு போய் எஃகுக் கம்பி வந்தது, கயிறு நைலான் ஆயிற்று. மலையாளத்தில் தெற்றாலி என்பார்கள். திருவனந்தபுரம் பக்கத்துப் பையன்களுக்குத் தெற்றாலி என்றால் மாங்காய் அடிக்கும் கவட்டை. ஒரே சொல் இரண்டு சாமானையும் சுமக்கிறது.

மேலே போனபோது மூடுபனி. இரண்டு பேரும் கட்டஞ்சாயா வாங்கிக்கொண்டு புல்மேட்டு ஓரம் உட்கார்ந்தோம். எதிரே எங்கோ வரையாட்டுமொட்டை இருக்கிறது, பனியில் தெரியவில்லை. வரையாடு அங்கே இன்றும் உண்டு. 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எண்ணியதில் மொத்தம் 2,668 வரையாடுகள் தேறின. இரண்டு மாநிலத்து மலைகளையும் சேர்த்து இவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வில்லைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் கை தானாகவே பழங்காலத்துக்குப் பொன்பூச்சு பூச ஆரம்பிக்கும். அந்தக் காலத்து வேட்டை அப்படியொன்றும் புனிதமானதல்ல. மிளா, காட்டுப்பன்றி, முள்ளன்பன்றி, மலையணில், சருகுமான் எல்லாம் சட்டிக்குப் போயின. கருங்குரங்கை மருந்துக்கு என்று அடித்தே காட்டைக் காலிசெய்தார்கள். கருங்குரங்கு லேகியம் விற்ற கடைகளை நானே பார்த்திருக்கிறேன். அதே சமயம், காட்டைக் காலிசெய்தது வில் என்றும் சொல்ல முடியாது. வில்லுக்கு எட்டுவது பத்து இருபது பாகம். தோட்டத்துத் துரைமாருக்கும் அவர்களைப் பார்த்துச் சுட்ட நம்மூர்ப் பெரியமனிதர்களுக்கும் துப்பாக்கி இருந்தது. மலைச்சரிவில் தேயிலை ஏறியது, காடே பின்வாங்கியது. எல்லாம் முடிந்த பிறகு வந்த சட்டத்தில் வில்லும் துப்பாக்கியும் ஒரே வரியில் நின்றன.

1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதற்கு எழுதிய விளக்கத்தில் வில்லும் அம்பும், கத்தி, வலை, கண்ணி, நஞ்சு, வெடி எல்லாம் அடக்கம். மருமகனின் சக்கரம் வைத்த சாமானும் பாட்டாவின் மூங்கிலும் அதன் பார்வையில் ஒன்றுதான். முதலில் சில விலங்குகளுக்கு உரிமச்சீட்டு வாங்கி வேட்டையாட வழி இருந்தது; 1991 திருத்தத்தில் அதுவும் போயிற்று. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் குடியிருக்கிறவர்களின் பழைய வழக்கங்களையெல்லாம் உரிமையாக ஏற்றுக்கொண்ட சட்டம் அது. தேன் எடுக்கலாம், ஈற்றை வெட்டலாம், கிழங்கு தோண்டலாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் வேட்டையையும் கண்ணி வைப்பதையும் மட்டும் விலக்கிவைத்தது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை, வரையாட்டை நினைத்தால் இருக்கவும் முடியாது. ஆனால் கணக்குப் பார்க்கிற வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு உறுத்தல் உண்டு.

1987-இல் இந்த மலைக்குள் ஏறிய ஆய்வாளர்கள் மூச்சுமுட்டி நின்றபோது, வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் மட்டும் ஏதோ ஒரு காயை மென்றுகொண்டு களைக்காமல் நடந்தார்கள். விசாரித்தபோது கிடைத்தது ஆரோக்கியப்பச்சை. பொன்முடிக்குக் கீழே பாலோட்டில் இருக்கும் தாவரவியல் ஆய்வுத்தோட்டம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூரில் உள்ள ஆர்ய வைத்திய பார்மசிக்குக் கொடுத்தது. வருமானத்தில் ஒரு பங்கு காணிக்காரருக்கு என்று 1997-இல் அறக்கட்டளையும் வைத்தார்கள். உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிற ஏற்பாடு. அந்தக் காய் யாருக்குத் தேவைப்பட்டது? விடிய விடியக் காட்டில் நடந்தவனுக்கு. அவன் எதற்கு நடந்தான்? தேனுக்கும் கிழங்குக்கும் மட்டுமா? மென்ற காய்க்குப் பங்கு வந்தது, கையிலிருந்த வில்லுக்கு வழக்கு வந்தது.

இன்று காணிக்காரர் ஊர்களில் மிளகும் ரப்பரும் மரச்சீனியும் பாக்கும். மரச்சீனி முற்றுகிற நேரத்தில் பன்றி வரும். ஒரே இரவில் ஒரு வருஷத்துப் பாட்டைக் கிளறிப்போட்டுவிடும். 2022-இல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் என்ற அதிகாரத்தைக் கொடுத்தது; பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவர்கள் உத்தரவு போடலாம். சுட வேண்டியவர் உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர். நஞ்சு கூடாது, மின்சாரம் கூடாது, வெடி கூடாது. சுட்ட பன்றியைத் தின்னக்கூடாது, புதைக்க வேண்டும். வேட்டைக்காரன் பேரன் தன் தோட்டத்துப் பன்றிக்கு, வெளியூர்க்காரர் ஒருவர் துப்பாக்கியோடு வருகிறவரை காத்திருந்து, பிறகு மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டுகிறான். இதைக் கேட்டதும் மருமகன் சிரித்தான். பிறகு கொஞ்சநேரம் பேசவில்லை.

"அங்க இருந்தா எனக்குச் சீட்டு உண்டு மாமா. இங்க பிறந்தவனுக்கு இல்ல."

"இங்க சீட்டே இல்லை மக்கா. ராஜாவுக்கு மட்டும் உண்டு."

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தான். உண்மையைத்தான் சொன்னேன். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் திருவிழாவில் பள்ளிவேட்டை உண்டு. மேளமில்லாமல், பேச்சில்லாமல் சாமி வெளியே வரும். கோட்டைக்குள் சுந்தரவிலாசம் அரண்மனைக்கு முன்னால் வேட்டைக்களம். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வில்லை வளைத்து அம்பு எய்வார். விழுவது ஓர் இளநீர். அதோடு வேட்டை முடிந்தது. மறுநாள் ஆராட்டுக்குச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழியில் விமான நிலையத்தின் ஓடுபாதை குறுக்கே வருவதால், சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவைக்கிறார்கள். அதே கோயிலில் ஆவணித் திருவோணத்தன்று ஓணவில் சாத்துவார்கள். வில் வடிவப் பலகையில் அனந்தசயனமும் தசாவதாரமும் தீட்டிய அழகான பொருள். அதில் நாண் ஏற்ற முடியாது. நாங்கள் பிறந்த ஊரிலோ வில்லைக் குடத்தின்மேல் சாய்த்து வீசுகோலால் அடித்துப் பாட்டுப் பாடுகிறோம். சேரன் கொடியில் இருந்ததும் வில்தான். பாடுகிற வில், வரைகிற வில், கும்பிடுகிற வில் எல்லாம் செழிப்பாக இருக்கின்றன. சட்டிக்குச் சோறு கொண்டுவந்த வில்லைத்தான் காணோம்.

அந்த ஓணத்துக்கு முன்னால் காணிக்காரர்கள் மலையிறங்கி, தேனும் வாழைக்குலையும் கிழங்கும் ஈற்றைக் கூடையும் எடுத்துக்கொண்டு கவடியார் அரண்மனைக்குப் போய்க் காணிக்கை வைப்பது இன்றும் நடக்கிறது. ராஜ்யம் போனபிறகும் போகிறார்கள். வேடனும் ராஜாவும் சந்திக்கிற அந்த இடத்தில் இரண்டு பேர் கையிலும் வில் இல்லை.

மற்ற இடங்களில் வில் வேறு வேலைக்குப் போயிற்று. 1802-இல் பனமரம் கோட்டையைத் தலைக்கல் சந்துவோடு சேர்ந்து பிடித்த வயநாட்டுக் குறிச்சியரின் பிள்ளைகள் இன்று மைதானத்தில் வட்டப்பலகையை எய்கிறார்கள். ராஜஸ்தானத்துக் காட்டில் மூங்கில் வில்லோடு அலைந்த லிம்பா ராம் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் எய்தார். பொன்முடிக்கு வந்த விளையாட்டு வேறு. 2023 அக்டோபரில் ஆசிய மலைச்சைக்கிள் போட்டியை இங்கே வைத்தார்கள். பாட்டா காலத்தில் யானைக்குப் பயந்து கூட்டமாக நடந்த சரிவில் தலைக்கவசம் போட்ட பையன்கள் பாய்ந்து இறங்கினார்கள்.

பனி கொஞ்சம் விலகியது, மொட்டை தெரியவில்லை. ஆடும் தெரியவில்லை. இறங்கினோம்.

வரும் வழியில் வனத்துறையின் வனஸ்ரீ கடையில் தேன் வாங்கினேன். தெரிந்த ஒருவரிடம் கேட்டு ஒரு கட்டி தேன்மெழுகும் கிடைத்தது. வீடு வந்ததும் மருமகன் மச்சில் ஏறி வில்லை இறக்கினான். பழைய நாண் நைந்து பொடிந்துவிட்டது. சணல் நூலை முறுக்கி இரட்டை நாண் கட்டினோம்; தொட்டிலுக்கு அவனுடைய பழைய ஜீன்ஸ் துணி. மெழுகு தேய்க்க அவன் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துத்தான் இவன் சும்மா வாங்கிவைக்கிற ஆள் இல்லை என்று நம்பினேன். நாணின் நடுப்பகுதியை விட்டுவிட்டு இரு பக்கமும் தேய்த்து, விரலால் உருவி, எஞ்சியதைத் துணியால் துடைத்தான். மெழுகு மிஞ்சினால் மண் ஒட்டும் மாமா என்றான். பிறகு ஒரு பஞ்சை எடுத்து வில்லின் முதுகில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெல்ல இழுத்தான். எங்காவது சிம்பு இருந்தால் பஞ்சு மாட்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலை அது காட்டிக்கொடுக்கும். அவன் தன் குறுக்குவில்லுக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் இதைச் செய்வானாம். ஓரிடத்தில் மாட்டியது. மணல் தாளால் தேய்த்துச் சரிசெய்தோம்.

வேலைக்கு நடுவே தன் சாமானுக்கான விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். அம்பு வைக்காமல் ஒருபோதும் விசையைத் தட்டக்கூடாது. அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய வேகமெல்லாம் வில்லுக்கே திரும்பி, வில்லின் கை சிதறிப்போகும். எடை குறைந்த அம்பும் அப்படித்தான், கிட்டத்தட்ட வெறும் எய்தல். ஏற்றிய வில்லை இரவு வைத்திருக்கக்கூடாது. மான் வரவில்லையென்றால் இறங்கி வந்து ஒரு பழைய அம்பை மண்ணில் எய்து தளர்த்திவிட வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவைக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: முன்கட்டையைப் பிடிக்கும்போது பெருவிரல் நாண் ஓடுகிற தடத்துக்கு மேலே எட்டிப்பார்க்கக் கூடாது.

"அங்க விரலே போயிரும் மாமா. படம் காட்டட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

தென்னைமூட்டில் விழுந்து கிடந்த குரும்பை ஒன்றை மதில்மேல் வைத்தோம். பள்ளிவேட்டை. உண்டைக்கு மண் பிசைய நேரமில்லை, ஆற்றுமணலில் பொறுக்கிய உருண்டைக் கற்கள் போதும் என்றான். மணிக்கட்டைத் திருப்ப வேண்டும் என்று நான் சொன்னேன். எப்போது என்று கேட்டான். விடும்போது என்றேன். விடுவதற்கு முன்னாலா பின்னாலா என்றான். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுந்து காட்டலாம் என்றால் ஐம்பது வருஷமாகத் தொடாத கை.

இழுத்தான், விட்டான். குரும்பை இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்து வீட்டுத் தகரத்தில் ஒரு சத்தம், "யாருடே அது?" என்று ஒரு குரல். இவன் வில்லைக் கீழே போட்டுவிட்டு இடதுகையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றான்.

நான் போய் வேப்பெண்ணெய் எடுத்து வந்தேன். வந்தவன் முதலில் நாணை இறக்கினேன், பிறகுதான் அவன் விரலைப் பார்த்தேன். கொலம்பஸ் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து ஒரு படம் அனுப்பினான். கறுத்த நகத்துக்கு அடியில் பிறை மாதிரி வெள்ளையாகப் புது நகம் எட்டிப்பார்த்தது.